பஞ்சத்தில் பிறந்த பள்ளி

பசித்தவர்க்குச் சோறிடுவதைத் தலைசிறந்த அறமாகப் போற்றியது தமிழகம். மணிமேகலையின் கையில் அமுதசுரபியைத் தந்து மகிழ்ந்தது நம் காப்பியம். ஆனால் அமுதசுரபி நம் கையில் இல்லை. இன்று இட்ட சோறு நாளைய பசிக்கு உதவாது. அப்படியானால் வறுமையில் வாடும் ஒரு சிற்றூருக்குச் செய்யத்தக்க நிலையான உதவி எது? மாணவர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை எழுதியவர் பண்டித ரமாபாய். அவர் விடை எழுதிய இடம், நாம் கல்வி பயிலும் இந்தப் புனே நகருக்குக் கிழக்கே 50, 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கேட்காவ் என்னும் சிற்றூர். தௌண்டு செல்லும் இருப்புப்பாதையில் அது இருக்கிறது. விடுமுறையில் சென்னைக்குச் செல்லும் நாம் அந்த ஊரைக் கடந்தே செல்கிறோம். வண்டி அங்கே நிற்பதில்லை; நம் எண்ணமாவது சிறிது நேரம் நிற்கட்டும் என்னும் விருப்பத்தால் இதனை எழுதுகின்றேன்.

பசி கற்பித்த பாடம்

ரமாபாய் 1858ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே வடமொழிப் புலவர். பெண்ணுக்கு வடமொழி ஆகாது என்றிருந்த காலத்தில் அவர் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அதைக் கற்பித்தார். அந்தத் தாயார் தம் மகளுக்குக் கற்பித்தார். அக்குடும்பம் நிலையான இருப்பிடம் இன்றித் தலந்தோறும் சென்று, புராணம் படித்து, கிடைத்ததைக் கொண்டு வாழ்ந்தது. 1870களில் தென்னாட்டைப் பஞ்சம் வாட்டியபோது பெற்றோரும் தமக்கையும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த தாது வருஷப் பஞ்சமும் (1876-78) அந்தப் பத்தாண்டில் வந்ததே.

எஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே நாட்டைச் சுற்றினர். 1878இல் கல்கத்தாவை அடைந்தபோது, ரமாபாயின் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் அவருக்குப் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை அளித்தனர். 1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் வேற்றுச் சாதியினரான வங்காள வழக்கறிஞர் ஒருவரை ரமாபாய் மணந்தார். 1882இல் கணவரும் காலராவுக்கு இரையானார். கையில் மனோரமா என்னும் பெண்குழந்தை இருந்தது.

பசியும் கைம்மையும் ரமாபாய் ஏட்டில் படித்தவை அல்ல. தம்மைக் காத்தது தாயார் தந்த கல்வியே என்பதையும் அவர் நன்கு உணர்ந்திருந்தார். பின்னாளில் அவர் செய்த தொண்டு அனைத்தும் இந்த உணர்விலிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து.

நகரில் ஓர் இல்லம்

1882இல் அவர் புனே வந்து ‘ஆரிய மகிளா சமாஜம்’ அமைத்தார். அவ்வாண்டே ஹண்டர் கல்விக் குழுவின்முன் சாட்சியம் அளித்து, பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1883இல் இங்கிலாந்து சென்றார். மருத்துவம் படிக்க விரும்பினார். செவிப்புலன் குறைந்து வந்ததால் அஃது இயலவில்லை. அங்கே அதே ஆண்டில் கிறிஸ்தவரானார். ஆயினும் குருமார் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டவர் அல்லர். கேள்வி கேட்டார், வாதிட்டார். உணவிலும் உடையிலும் இந்தியப் பெண்ணாகவே இருந்தார்.

1886இல் அமெரிக்கா சென்று குழந்தைக் கல்வி முறையைப் பயின்றார். அங்கே அமைந்த ஒரு சங்கம் பத்தாண்டுகளுக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தது. 1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் ‘சாரதா சதன்’ தொடங்கிற்று. இளங்கைம்பெண்கள் கல்வி பயில்வதற்கான இல்லம் அது. அடுத்த ஆண்டு அது புனேக்கு மாறியது.

அங்கே பயின்ற கோதுபாய் என்னும் கைம்பெண்ணை 1893இல் தோண்டோ கேசவ கார்வே மணந்தார். கார்வே 1896இல் கைம்பெண்களுக்கு இல்லம் கண்டார். 1916இல் பெண்களுக்கெனப் பல்கலைக்கழகமே கண்டார். ஒரு பெண்ணுக்குத் தந்த கல்வி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சிற்றூரில் ஓர் உலகம்

அமெரிக்க உதவி என்றும் நிலைக்காது என்பதை ரமாபாய் அறிந்திருந்தார். ஆகவே கேட்காவில் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் வாங்கிக் கனிமரங்கள் நட்டார். பிறர் கொடையை நம்பியிராமல், மண் தரும் வருவாயில் பள்ளி நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மரங்கள் நன்கு வளரும்முன்பே 1896-97ஆம் ஆண்டுப் பஞ்சம் வந்தது. மத்திய மாகாணங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். ஆதரவற்ற சிறுமியரைத் தீய வழிக்கு இழுத்துச் செல்லும் கயவரும் அங்கே திரிந்தனர். பசியின் கொடுமையைத் தம் உடலால் அறிந்திருந்த ரமாபாய் நேரே சென்று ஏறத்தாழ 300 சிறுமியரையும் பெண்களையும் அழைத்து வந்தார். புனேயில் அப்போது பிளேக் நோய் பரவியிருந்தது. நகரில் அவர்களை வைத்துக்கொள்ள வழியில்லை. கேட்காவ் நிலமே புகலிடமாயிற்று. கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் தொடங்கிய அந்த இடத்துக்கு ‘முக்தி’ என்று பெயர். முக்தி என்றால் விடுதலை. 1900ஆம் ஆண்டளவில், குஜராத் பஞ்சத்தில் மீட்கப்பட்டவர்களும் வந்து சேர, அங்கிருந்தோர் தொகை 2,000ஐ நெருங்கியது.

இத்தனை பேருக்கும் சோறு போடுவதே மலைப்பான செயல். அவரோ அதனோடு நிற்கவில்லை. கிணறுகள் வெட்டினார். எழுத்தும் தொழிலும் ஒருங்கே கற்பிக்க ஏற்பாடு செய்தார். நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், கறவை மாடு பேணுதல், காய்கறித் தோட்டம், பாத்திரங்களுக்கு ஈயம் பூசுதல், அச்சுத்தொழில் என அவை விரிந்தன. பார்வையற்ற பெண்கள் பிரெய்ல் எழுத்தைக் கற்றனர், கூடை முடைந்தனர். சாரதா சதன் உயர்சாதிக் கைம்பெண்களுக்கென எழுந்தது. முக்தியிலோ எல்லாச் சாதிப் பெண்களும் சேர்ந்து வாழ்ந்தனர். முன்னே கற்றவர்கள் பின்னே வந்தவர்களுக்குக் கற்பித்தனர்.

அந்த அச்சகத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பே மேலிடுகிறது. ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, எளிய மக்களுக்குப் புரியும் மராத்தியில் விவிலியத்தை மொழிபெயர்த்தார். பஞ்சத்திலிருந்து மீண்ட பெண்கள் அதற்கு எழுத்துக் கோத்தனர், அச்சிட்டனர். எழுத்தே அறியாதிருந்த கைகள் ஒரு பெருநூலுக்கு எழுத்துக் கோத்தன! 1922 ஏப்ரல் 5ஆம் நாள் ரமாபாய் மறைந்தார். அந்நூல் அதன் பின்னரே முழுமையாக வெளிவந்தது.

மறைக்கக் கூடாத ஒரு கேள்வி

புகழுரையோடு நிறுத்திக்கொண்டால் இஃது ஆராய்ச்சி ஆகாது. சாரதா சதனில் மதமாற்றம் நடக்கிறது என்று 1893இல் பெரும் பூசல் எழுந்தது. திலகரின் ‘கேசரி’ இதழ் கடுமையாகத் தாக்கியது. ஆதரவாக இருந்த ரானடே, பண்டார்கர் ஆகியோரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். பின்னர் எழுந்த முக்தி வெளிப்படையாகவே கிறிஸ்தவ நிலையமாக விளங்கிற்று. பசித்து வந்தவருக்குச் சோற்றோடு சமயத்தையும் தரலாமா? நேர்மையான கேள்வி இது. ஆதரவற்ற ஒருவர் தம் ஆதரவாளரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் வலிமை உடையவரா என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் இன்னொரு கேள்வியையும் உடன் கேட்க வேண்டும். அந்தச் சிறுமியர் பசியால் துவண்டு கிடந்தபோது அவர்களைத் தேடிச் சென்றவர் எத்தனை பேர்? குறை கூறிய கைகளில் சோறு ஏந்திய கைகள் எத்தனை? குறை காணும் உரிமை, செயலில் முந்துவோர்க்கே முழுமையாக உண்டு என்பேன். கார்வே பூசலில் காலம் போக்காமல் தாமே ஓர் இல்லம் கண்டார். ரமாபாயோடு மாறுபடுவோர்க்கும் நல்வழி அதுவே.

நாம் கொள்ளத்தக்கவை

நாட்டுநலப்பணித் திட்டத்தின்கீழ் நம் மாணவர்கள் ஏழு நாள் சிற்றூர்களில் முகாமிடுகிறார்கள். தெருக் கூட்டுகிறார்கள், மரம் நடுகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எட்டாம் நாள் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? கேட்காவ் நமக்குக் கற்பிப்பவை மூன்று என்பேன். ஒன்று, தொண்டு செய்வோர் அங்கே தங்க வேண்டும். தங்க இயலாவிடின் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும். இரண்டு, எழுத்தறிவோடு கைத்தொழிலும் சேர வேண்டும். இன்றேல் கற்றவர் ஊரைவிட்டு வெளியேறுவர். மூன்று, கற்றவரை ஆசிரியராக்க வேண்டும். நாம் போன பின்னும் பள்ளி நடக்க அதுவே வழி.

நூறாண்டுகளுக்கு மேலாகியும் முக்தி நிலையம் இன்றும் இயங்கி வருகிறது. நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்குத் திரட்டும் பொருளில் ஒரு சிறு பங்கையும், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரத்தையும் அருகிலுள்ள ஒரே ஒரு சிற்றூருக்கு ஒதுக்கினால் என்ன? மராத்தி நமக்குச் சரியாக வராது என்று தயங்க வேண்டாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் நமக்கு மராத்தி கற்பிக்கட்டும்; நாம் அவர்களுக்குக் கணக்குக் கற்பிப்போம். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் தோழர்கள் இதனைப் பேசி முடிவு செய்ய வேண்டுகிறேன்.