உளவியல் பட்டத்திலிருந்து உரிமை வழக்குகளுக்கு

உளவியல் படித்த பிள்ளை வக்கீலாகப் போகிறேன் என்றால், "அப்போ மூணு வருஷப் படிப்பு வீண்தானா?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். வீண் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். அவர்களுக்கு முறையான சிகிச்சை இல்லாதது ஒரு கொடுமை. கட்டிப்போடப்பட்டது உரிமை மீறல். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த வக்கீல்கள் இன்றும் போதிய அளவில் இல்லை.

முதல் வேலை, மூன்றாண்டு எல்.எல்.பி. சேர்க்கை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் விண்ணப்பம் வாங்குகிறது. நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டப்படிப்பு மதிப்பெண்தான் கணக்கு. பொதுப் பிரிவுக்குக் குறைந்தது 45 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. அஞ்சல் வழியில் உளவியல் படித்தவர்களும் சேரலாம். ஆனால் பிளஸ் டூ முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியிருந்தால் பார் கவுன்சில் விதி அனுமதிக்காது. எல்.எல்.பி.யை அஞ்சலில் படிக்கவும் முடியாது. "வகுப்புக்கே வர வேண்டாம், பட்டம் வாங்கித் தருகிறோம்" என்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

சேர்ந்த பிறகு பாடப் புத்தகத்தோடு நிற்காமல் நான்கு சட்டங்களை மூலத்திலேயே படியுங்கள்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ 2012. கூடவே 2010-ன் செல்வி வழக்குத் தீர்ப்பு. சம்மதமில்லாமல் யாருக்கும் நார்கோ பரிசோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. உளவியல் மாணவருக்கு அதில் பாதி ஏற்கெனவே புரிந்திருக்கும்.

உங்கள் படிப்பு எங்கே கைகொடுக்கும் என்பதற்குப் போக்சோ ஒன்றே போதும். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையிடம் நேரே கேள்வி கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் கேட்பார். இது சட்டத்தின் 33-வது பிரிவு. விதி இருந்தாலும் கேள்வியின் வடிவம் குழந்தையைக் குழப்பிவிடும். "அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கா, ஏழு மணிக்கா?" என்று கேட்டால் பயந்துபோன ஏழு வயதுப் பிள்ளை ஏதோ ஒன்றைச் சொல்லும். மறு கேள்விக்கு வேறொன்றைச் சொல்லும். "முரண்பாடு" என்று அது பதிவாகிவிடும். அதிர்ச்சிக்கு ஆளானவரின் நினைவு துண்டு துண்டாக வரும் என்பது நீங்கள் படித்ததுதான். அதைச் சொல்லி, அந்தக் கேள்வியைச் சரியான நேரத்தில் எழுந்து ஆட்சேபிக்கும் வக்கீல் வழக்கையே காப்பாற்றலாம். வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் பிறழ்வதைப் புரிந்துகொள்ளவும் இதே அறிவு வேண்டும். சாட்சிக்குப் பாதுகாப்பு கேட்க அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவு இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் இனி கவுன்சலர் அல்ல. கட்சிக்காரருக்கு நீங்களே நோய்ப் பெயர் சூட்டாதீர்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பி அறிக்கை வாங்குங்கள். சாட்சிக்குத் தைரியம் கொடுங்கள், பதிலைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

படிக்கும்போதே விடுமுறையில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், தன்னார்வலராக என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் 1987-ன் சட்டப்படி அங்கே இலவச உதவி உண்டு. பயிற்சிக்கு மதுரையில் மக்கள் கண்காணிப்பகம், சென்னையில் மனநலத் துறையில் இயங்கும் பான்யன் போன்ற அமைப்புகளுக்கும் எழுதிப் பாருங்கள்.

பட்டம் வாங்கியதும் பார் கவுன்சிலில் பதிவு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கட்டணத்தைப் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்று வரையறுத்தது. பிறகு அகில இந்திய பார் தேர்வு. குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகங்களை உள்ளே எடுத்துப் போகலாம்.

கடினமான கட்டம் அதற்குப் பின்தான். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா அலுவலகத்திலும் அது கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். முதல் இரண்டு ஆண்டுச் செலவுக்கு வழி வைத்துக்கொண்டு வாருங்கள். சீனியரைத் தேடும்போது பெயரைவிட, அவர் ஜூனியரைச் சாட்சி விசாரணைக்கு உட்காரவைக்கிறாரா என்று விசாரியுங்கள். உரிமை வழக்குகளின் அடித்தளம் விசாரணை நீதிமன்றத்தில்தான் போடப்படுகிறது. ரிட் மனுவை மட்டும் எழுதக் கற்றவர் அங்கே திணறுவார்.

சட்டக் கல்லூரி விண்ணப்பம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். போக்சோ விசாரணை மூடிய அறையில் நடக்கும், மற்ற வழக்குகளில் பெரும்பாலானவற்றை யாரும் போய்ப் பார்க்கலாம். இந்த வாரமே உங்கள் ஊர் அமர்வு நீதிமன்றத்தில் ஒரு முற்பகல் உட்கார்ந்து, ஒரு குறுக்கு விசாரணையை முழுதாகக் கேளுங்கள்.