மருந்து என்னும் பெயர்

நுழையும்முன்
பயிருக்கு நஞ்சு தெளிப்பதை 'மருந்தடித்தல்' என்பது மக்கள் வழக்கு. அச்சொல்லுக்குள் மறைந்திருக்கும் இடரையும் தெளிப்பவரைக் காக்கும் முறைகளையும் ஏலமலையின் சூழலில் வைத்து இப்பாடம் விளக்குகிறது.

போடிநாயக்கனூருக்கு மேற்கே குரங்கணியை ஒட்டி உயரும் சரிவுகளும், போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என விரியும் கேரள மலைப்பகுதியும் ஏலம் விளையும் நிலங்கள். காலையில் போடியிலிருந்து ஜீப்புகளில் ஏறித் தோட்ட வேலைக்குச் செல்வோர் பலர். மலையில் விளைந்த காயோ நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னேலத்திற்காகப் போடிக்கு இறங்கி வருகிறது.

ஏலம் பூச்சிகளுக்கு எளிதில் இரையாகும் பயிர். இலைப்பேன் காயின் தோலைச் சுரண்டிச் சொரியாக்கும். துளைப்பான் புழு தண்டையும் காயையும் குடையும். சொரிபிடித்த காய்க்குச் சந்தையில் விலையில்லை. ஆதலால் ஆண்டில் பலமுறை பூச்சிக்கொல்லி தெளிக்கப்படுகிறது. ஏலச்செடி ஆளுயரத்தையும் தாண்டி வளரும். அதன் பூங்கொத்தோ அடித்தூரில் தோன்றித் தரையை ஒட்டிப் படரும். எனவே தெளிப்பவர் குழாயை மேலும் கீழும் திருப்பியாக வேண்டும். மேலே அடித்தது தலையிலும் தோளிலும் சொட்டும். கீழே அடித்தது காலை நனைக்கும். நனைந்த இலைகளை விலக்கிக்கொண்டுதான் அடுத்த செடிக்குச் செல்ல வேண்டும்.

நஞ்சு வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோதான் உடலுக்குள் புகும் என்று பலர் எண்ணுகின்றனர். தெளிப்பவரைப் பொறுத்தவரை அதன் முதன்மையான வாயில் தோல். எல்லா இடத்துத் தோலும் ஒரே அளவில் அதனை ஈர்ப்பதில்லை. பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியைக் கொண்டு செய்த ஆய்வில், முன்கையைவிட நெற்றி ஏறத்தாழ நான்கு மடங்கு ஈர்த்தது. முகத்தில் கட்டிய துண்டு காப்பதுபோல் தோன்றும். நனைந்தபின் அதுவே நஞ்சைத் தோலோடு சேர்த்துப் பிடித்துவைக்கும்.

பாரத்தியான், குயினால்பாஸ் போன்ற கரிம பாஸ்பரசு நஞ்சுகள் நரம்புகளின் செய்தியை உரிய நேரத்தில் நிறுத்தும் நொதியை முடக்குகின்றன. அதனால் கண்மணி சுருங்கும், வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், வயிறு முறுக்கும், மூச்சுத் திணறும். முதலில் தோன்றும் தலைவலியையும் மயக்கத்தையும் வெயிலின் மேல் பழிபோட்டு, வேலையைத் தொடர்வதே பேரிடர்.

உயர்ந்து வளர்ந்த பயிரில் தெளிப்பது எத்தகையது என்பதனை மராட்டியத்தின் யவத்மால் மாவட்டம் 2017இல் கண்டது. அவ்வாண்டு பருத்தி வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தது. தெளித்த நஞ்சு முகத்தருகே படர்ந்தது. உழவரும் கூலியாட்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் பாதுகாப்பு உடை, மூச்சுக்கவசம், பயிற்சி, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. ஏற்றுமதியாகும் காயில் நஞ்சின் எச்சத்தை அளக்க ஆய்வகங்கள் உள்ளன. தெளித்தவரின் குருதியில் அந்நொதியின் அளவைப் பார்ப்பதும் அதே அளவு இன்றியமையாதது. கவசத்தை அணியாதது தொழிலாளியின் அலட்சியம் என்று முடிப்பது எளிது. மலையேறும் உழைப்பில் இறுக்கமான நெகிழி உடை உடலைப் புழுக்கும். எனவே வெயிலேறுமுன் வேலையை முடிப்பதும், இடையிடையே ஓய்வு தருவதும், தண்ணீரும் சோப்பும் தோட்டத்திலேயே வைப்பதும் வேலை வாங்குவோரின் பொறுப்பில் அடங்கும்.

காப்பு முறைகளில் நுட்பமும் உண்டு. துணிக் கையுறை நஞ்சை உறிஞ்சும். நைட்ரைல் கையுறையே ஏற்றது. கையை உயர்த்தித் தெளிக்கையில் சட்டைக்கையைக் கையுறைக்குள் செருகி, கையுறையின் விளிம்பை வெளிப்புறமாக மடித்துவிட்டால் வழியும் துளி அம்மடிப்பில் தங்கும். காற்சட்டையோ காலணிக்கு வெளியே தொங்க வேண்டும். நனைந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். இல்லையேல் மலைக்கே போகாதவரின் கைக்கும் நஞ்சு வந்து சேரும்.

புட்டியிலுள்ள முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. மஞ்சள், நீலம், பச்சை என அது படிப்படியாகக் குறையும். ஒருவர் மயங்கினால் உடனே காற்றோட்டமான இடத்திற்கு அகற்றி, நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மருத்துவமனைக்குச் செல்கையில் அப்புட்டியின் விவரச்சீட்டையும் உடன் எடுத்துச்செல்ல வேண்டும்; எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் அட்ரோபின் போன்ற முறிவு மருந்தை மருத்துவர் காலந்தாழ்த்தாது தர இயலும்.