படர்தாமரைக்குப் பூசும் மருந்து உள்ளே போவது எப்படி?

இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டமாகச் சிவந்து அரிக்குதே, அதுதான் படர்தாமரை. இதற்குக் காரணம் ஒரு பூஞ்சை. நம் தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதமே அதற்குச் சாப்பாடு.

தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. இறந்த செல்கள் செங்கல். இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. இதன் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 50-ல் ஒரு பங்குதான். ஆனாலும் எல்லாவற்றையும் உள்ளே விடாது. மூலக்கூறு எடை 500-க்குக் கீழே இருந்து, கொழுப்பிலும் கரைகிற பொருள்தான் எளிதாகப் போகும். குளோட்ரிமசோலின் எடை சுமார் 345, டெர்பினாஃபின் 291. இவை நுழைந்துவிடும். ஆம்ஃபோடெரிசின்-பி என்ற மருந்தின் எடை 924. அதனால் தோலைத் தாண்டுவது கஷ்டம்.

சரி, மருந்தை அப்படியே தடவலாமே? முடியாது. குளோட்ரிமசோல் தண்ணீரில் கரையாத தூள். அதைச் சுமக்க ஒரு 'வண்டி' வேணும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கலந்தால் கிரீம். வாசலின் போன்ற பிசுக்கில் கலந்தால் களிம்பு. வேர்க்கும் இடத்துக்குக் கிரீம் நல்லது. காய்ந்து வெடித்த தோலுக்குக் களிம்பு நல்லது. இதில் ஒரு சிக்கல் உண்டு. வண்டியோடு மருந்து ரொம்ப ஒட்டிக்கொண்டால் தோலுக்குள் போகாது. பஸ் வந்தால் போதுமா? ஆள் இறங்கணுமே!

உள்ளே போன மருந்து, பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கும். நம் செல் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால். அதனால் அடி பூஞ்சைக்குத்தான்.

இனி கவனியுங்கள். சில ட்யூப்களில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அதுவும் இதே சாந்து வழியாகத்தான் நுழையும். சிவப்பும் அரிப்பும் சீக்கிரம் அடங்கும். ஆனால் நம் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து அடங்குவதால் பூஞ்சை இன்னும் பரவும். நாளானால் தோலும் மெலியும். அதனால்தான் பல ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை மாற்றியது.

நாம் செய்ய வேண்டியவை:
1. பூசும் முன் கழுவி, ஈரம் போகத் துடைக்கணும்.
2. வட்டத்துக்கு வெளியேயும் கொஞ்சம் பூசணும். ஓரத்தில்தான் பூஞ்சை வளருது.
3. அரிப்பு நின்றதும் நிறுத்தக் கூடாது. டாக்டர் சொன்ன நாள் வரை பூசணும்.
4. அடுத்தவர் துண்டு, துணி, ட்யூப் எதுவும் வேண்டாம்.

வெட்கப்பட்டு மறைக்காதீங்க. இது யாருக்கும் வரும். மறைத்தால் நமக்கும் தீராது, பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றும். வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள்!