மெலமைன் பலகையை ஓரம் பெயராது அறுத்தல்

அறுவையைப் பற்றிய கட்டுரை என்றவுடன் நகைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் சங்க நூலகத்திற்குப் புத்தக அடுக்கு ஒன்று செய்யப் புகுந்து, நீங்கள் அனைவரும் சேர்த்துத் தந்த காசில் வாங்கிய பலகையைப் பாழாக்கியவன் நான். அப்பிழையினின்று கற்றதை உங்கள்முன் வைப்பது என் கடமையாகும்.

எட்டடி நீளமும் நாலடி அகலமும் 18 மில்லிமீட்டர் கனமும் உடைய வெண்ணிறப் பலகை அது. மாரெட்பள்ளியில் நான் தங்கியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் அதைக் கிடத்தி, இரவல் வாங்கிய மின்சாரக் கைரம்பத்தால் அறுத்தேன். முடித்துப் பார்த்தால், மேல்முகத்தின் ஓரம் முழுதும் எலி கடித்த அப்பளம்போல் இருந்தது! புரட்டிப் பார்த்தேன், அடிமுகத்தின் ஓரமோ கத்தியால் நறுக்கியதுபோல் ஒழுங்காக இருந்தது. ஒரே ரம்பம், ஒரே கை, ஒரே பலகை. பின் ஏன் இந்த வேறுபாடு?

விடை தேடி அருகிலிருந்த தச்சுப் பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் நம்மவர். பலகைத் துண்டைக் கையில் வாங்கி ஒருமுறை தடவிப் பார்த்தார். “தம்பி, பல்லு எந்தப் பக்கமா வெளிய வருதோ, அந்தப் பக்கந்தான் ஒடையும்” என்றார். பாடம் முழுதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

காரணத்தை ஆராய்வோம். மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திய பலகையின்மேல், மெலமைன் பிசினில் ஊறிய தாளை வைத்துச் சூட்டோடு அழுத்தி இதனைச் செய்கின்றனர். மெலமைனை 1834இல் முதன்முதலாக ஆக்கியவர் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக். அது ஃபார்மால்டிஹைடுடன் கூடி உண்டாகும் பிசின், ஒருமுறை சூட்டில் இறுகினால் மீண்டும் உருகாது. கடினமானது, ஆனால் நொறுங்குந் தன்மையது. ரம்பப் பல் தாளை உள்நோக்கி அழுத்தும்போது கீழுள்ள துகள்கள் அதனைத் தாங்குகின்றன. பல் உள்ளிருந்து வெளியேறும்போதோ தாங்குவார் இல்லை. தாள் சில்லுச்சில்லாகப் பெயர்கிறது.

இனிச் செயல்முறையைக் காண்போம்.

முதலாவது, நல்ல முகம் எப்பக்கம் இருக்கவேண்டும் என்பதை அறிக. கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தின் பற்கள் கீழிருந்து மேலே எழுகின்றன. ஆதலால் நல்ல முகம் கீழே இருக்கட்டும். மேசை ரம்பத்தில் அவை மேலிருந்து கீழே இறங்குகின்றன. அங்கு நல்ல முகம் மேலே. தள்ளும்போது வெட்டும் சாதாரணக் கைரம்பத்திற்கும் மேலேயே. இழுக்கும்போது வெட்டுவதாயின் கீழே.

இரண்டாவது, பல். கார்பைடு முனை கொண்ட, நெருங்கிய பற்களுள்ள தட்டே ஏற்றது. நாலங்குலத் தட்டுக்கு 40 பல்லும், பத்தங்குலத் தட்டுக்கு 80 பல்லும் நன்று. மழுங்கிய பல் வெட்டாது, பெயர்த்தெடுக்கும்.

மூன்றாவது, இரு முகமும் கண்ணில் படுமாயின் இருமுறை அறுக்க. நேரான சட்டம் ஒன்றைக் கவ்வியால் இறுக்கி, அதையொட்டி முதலில் 2 மில்லிமீட்டர் ஆழமே ஓட்டுக. ஆழம் குறைந்தால் பல் ஏறத்தாழ முகத்திற்கு இணையாகவே செல்லும், தாளைத் தூக்காது. பிறகு சட்டத்தை நகர்த்தாமல் அதே தடத்தில் முழுதும் அறுக்க. பெரிய பட்டறை இயந்திரங்களில், முதன்மைத் தட்டுக்கு முன்னே சிறு தட்டொன்று எதிர்த்திசையில் சுழன்று அடிமுகத்தில் கீறிச் செல்வதும் இக்கருத்துப் பற்றியே.

நான்காவது, அடியில் கழிவுப் பலகையொன்றை வைத்து, பல் அதிலும் சிறிது பதியுமாறு அறுக்க. அதுவே அடிமுகத்திற்குத் தாங்கல். அறுபடும் இரு பகுதிகளும் தொங்காதிருக்க வேண்டும். இறுதி ஓரங்குலத்தில் அவசரம் ஆகாது. ரம்பம் தின்னும் அகலத்தையும் அளவில் சேர்த்துக்கொள்க. கண்ணாடியும் முகமூடியும் அணிக. ஆழத்தை மாற்றுமுன் மின்னிணைப்பைக் கழற்றுக.

இம்முறையில் அறுத்த இரண்டாவது பலகை என்னை ஏமாற்றவில்லை. அடுக்கு இன்று சங்க அறையில் நிற்கிறது. முதற்பலகையையும் நான் எறிந்துவிடவில்லை. அடித்தட்டாக அமைத்து, உடைந்த ஓரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருக்கிறேன். புத்தகம் எடுக்கக் குனிபவர்கள் அதைச் சற்றே தடவிப் பாருங்கள். உங்கள் காசு வீணாகவில்லை என்று அது சொல்லும்.