பொத்தானிலிருந்து விரலை எடுங்கள்

கேள்வி: சிவனொளிபாதமலைக் காலத்தில் நல்லதண்ணியில் முதலுதவித் தொண்டனாக நிற்கிறேன். கையில் வாக்கிடாக்கி, பக்கத்தில் டிஃபிப்ரிலேட்டர். ஒன்றை ஒன்று குழப்புமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: குழப்பலாம். நெஞ்சில் ஒட்டும் பட்டைகள் பிடிப்பது ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட் சமிக்ஞை. 5 வாட் வாக்கிடாக்கியில் பேசும்போது ஒரு மீட்டர் தூரத்தில் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 15 வோல்ட் இருக்கும். பட்டையின் வயரே அதற்கு ஏரியல். ஐ.இ.சி. 60601-2-4 தரப்படி மீட்டருக்கு 10 வோல்ட் புலத்தில் டிஃபிப்ரிலேட்டர் பெட்டி ஒழுங்காக இயங்க வேண்டும். 20 வோல்ட்டிலும் தானாக அதிர்ச்சி கொடுக்கக் கூடாது. இடையில் அது இதயத்தைத் தப்பாக வாசிக்க இடமுண்டு.

"ஆளைத் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி துடிப்பைக் கணிக்கிறதே, அந்தச் சில வினாடிகளில் யாரும் வாக்கிடாக்கிப் பொத்தானை அமுக்காதீர்கள். பேசியே ஆகவேண்டியவர் நாலைந்து எட்டு தள்ளிப் போகட்டும். தூரம் இரட்டித்தால் புலம் பாதியாகும். கைபேசியில் 1990 சுவசெரிய ஆம்புலன்ஸை அழைப்பவரும் அப்படியே. பீதுருதாலகாலை உச்சி ஒளிபரப்புக் கோபுரத்தை நினைத்துப் பயப்படாதீர்கள், அது எங்கேயோ இருக்கிறது.

நம் மலையில் இதைவிடப் பெரிய தொல்லை ஈரம். பட்டை ஒட்டுமுன் பனியில் நனைந்த நெஞ்சைத் துவாயால் துடையுங்கள்.