மாஸ்டருக்கு ஒன்பது சால்வை போதும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பிள்ளைகளின் கபடி மாஸ்டருக்கு மேடையில் ஒன்பது சால்வை விழுந்தது. வார்டு பிரமுகர்கள் முதல் பந்தல்காரர் வரை ஆளுக்கொன்று போட்டார்கள். பிள்ளைகள் ஒருத்தருக்கும் மைக் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஆத்தூரில் போட்டி. வேன் வாடகையில் குறைந்த பணத்தை மாஸ்டர் தன் பையிலிருந்து போட்டார். அன்றிலிருந்து மாஸ்டருக்கு நன்றி சொல்லும் ஏற்பாட்டை நான் கையில் எடுத்துக்கொண்டேன். தம்மம்பட்டியில் செய்து பார்த்த முறை இது. வாலிபால், சிலம்பம், ஓட்டம் எதற்கும் பொருந்தும்.

முதலில் நாள். பரிசளிப்பு விழா வேண்டாம். அது ஜெயித்தவர்களின் நாள். பொங்கல் போட்டி நேரமும் வேண்டாம், அவருக்கே மூச்சுவிட நேரமிருக்காது. சாதாரணப் பயிற்சி நாளில், மைதானத்திலேயே, இருட்டுவதற்கு அரை மணி முன்னால் வையுங்கள். ஆனால் தள்ளிப் போடாதீர்கள். பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியாருக்கு 1985-ல் முதல் துரோணாச்சாரியார் விருதுகளில் ஒன்று கிடைத்தது. பத்மஸ்ரீ வந்தது 2021-ல். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.

அடுத்து பணம். தலைக்கு ஒரே தொகை, சின்னத் தொகை. மொய் நோட்டு போடவே கூடாது. யார் எவ்வளவு என்று எழுத ஆரம்பித்தால் கல்யாண வீட்டுக் கணக்கு மைதானத்துக்கு வந்துவிடும். மாஸ்டர் அரசுப் பள்ளி பி.டி. ஆசிரியர் என்றால் ரொக்கம், நகை, செல்போன் பக்கமே போகாதீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 என்று ஒன்று இருக்கிறது. நம் நன்றி அவருக்கு விளக்கக் கடிதம் எழுதும் வேலையாக முடியக் கூடாது.

இனி, எல்லோரும் சறுக்கும் இடம்: பிள்ளைகளின் எழுத்து. "மாஸ்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுது" என்று தாளைக் கொடுத்தால் என்ன வரும் தெரியுமா? 'எங்கள் மாஸ்டர் மிகவும் நல்லவர், கண்டிப்பானவர், அன்பானவர்.' இருபது பிள்ளைகளும் இதையே எழுதுவார்கள். காலாண்டுப் பரீட்சைக் கட்டுரை. மாஸ்டர் முதல் தாளைப் படிப்பார், மீதியை மடித்து வைப்பார்.

தாளைக் கொடுக்காதீர்கள். பயிற்சி முடிந்து நடந்து வரும்போது வாயால் கேளுங்கள். கேள்வியும் முக்கியம். "மாஸ்டர் உனக்கு என்ன செஞ்சாரு?" என்றால் பிள்ளை விழிக்கும். "மாஸ்டர் உன்னை எதுக்கு ரொம்பத் திட்டினாரு கண்ணு?" என்று கேளுங்கள். மடை திறந்துவிடும். போன முறை ஒரு பாப்பா சொன்னது:

"போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைக்கறப்ப இன்னொரு கால் அந்தரத்துல இருக்கணும். நான் ஊனிடுவேன். நாலு நாள் என்னை ஒத்தக்கால்லயே நிக்க வெச்சாரு. அழுதுட்டேன். அஞ்சாவது நாள் போனஸ் எடுத்தேன். அவரு ஒண்ணுமே சொல்லல, விசிலை வாயிலேர்ந்து எடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

இதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். 'ஊனிடுவேன்' என்பதை 'ஊன்றிவிடுவேன்' என்று திருத்தத் தமிழாசிரியர் யாராவது வருவார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். எழுத வராத சின்னப் பிள்ளை சொல்லட்டும், அக்கா எழுதட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரே சம்பவம், அரைப் பக்கம். ஆட்டத்தில் இறங்காமல் வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் கட்டாயம் கேளுங்கள்; நல்லதெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

பிள்ளையின் திறமை தெரியும் அந்த ஒரு கணத்தைப் பார்ப்பதுதானே பயிற்சியாளரின் வேலையே. நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அந்தப் பையனிடம் உயரம் தாண்டும் திறமை இருப்பதைப் பள்ளியில் கண்டுகொண்டவர் உடற்கல்வி ஆசிரியர் ராஜேந்திரன். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியதை உலகமே பார்த்தது. பள்ளிக்கூடத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பரிசுப் பொருள். மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் கோப்பை வாங்குவது எனக்குப் பிடிக்காது. ஆனால் பட்டறைக்கு ஒரு மாதம் முன்னாலேயே போங்கள். அவசரப்படுத்தினால் ஈர மரத்தில் செய்து தருவார்கள், கோடையில் வெடிக்கும். மாஸ்டரின் முகத்தைச் செதுக்கச் சொல்லாதீர்கள். சாமி முகத்தில் பழகிய உளிக்கு நம் ஆள் முகம் பிடிபடுவது கஷ்டம். ரெய்டு போகும் உருவம், ஒரு சாண் உயரம், போதும். பீடத்தில் மாஸ்டர் பெயர் பெரிதாக, பிள்ளைகளின் பெயர்கள் சின்னதாக. 'அன்பளிப்பு: இன்னார்' என்று ஒரு எழுத்தும் கூடாது. கிரிக்கெட் ஆடும் சின்னப்பம்பட்டி நடராஜன் சட்டை முதுகில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டாரே, தன்னைத் தூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷின் எழுத்தை முன்னால் வைத்து. அந்த வரிசைதான் சரி.

மீதிப் பணத்தில் சாமான். மாஸ்டரிடம் கேட்டால் "ஒண்ணும் வேண்டாங்க" என்பார். சீனியர் பிள்ளைகளிடம் கேளுங்கள்: முட்டிக்கு நீ கேப், கிரேப் பேண்டேஜ், கோடு போடச் சுண்ணாம்பு என்று பட்டியல் வரும். உள்ளூர் மாஸ்டர்கள் பலர் ஆட்டக்காரராக இருந்து பயிற்சிக்கு வந்தவர்கள், கையில் சான்றிதழ் இருக்காது. பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் (என்.ஐ.எஸ்.) நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ் படிப்புக்கு அவர் போக விரும்பினால் ரயில் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஆறு வாரமும் காலையில் பிள்ளைகளை ஓடவிட ஒரு ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள். ஆள் இல்லையென்றால் அவர் கிளம்ப மாட்டார்.

அன்று மாலை: பெரியவர்கள் பேச வேண்டாம். மூன்று பிள்ளைகள் தங்கள் தாளை வாசிக்கட்டும், மற்றதைக் கட்டிக் கையில் கொடுங்கள். மாஸ்டரின் வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள். சாயங்காலமெல்லாம் மனுஷனை மைதானத்துக்கு விட்டுக்கொடுத்தவர் அவர்தான். சுண்டல், டீ. அதையும் மீறி யாராவது சால்வையோடு வந்தால் சண்டை போடாதீர்கள், வாங்கிப் பையில் வையுங்கள்.

மறுநாள் வேன் நோட்டு. எந்தப் போட்டிக்கு எந்த வீட்டார் கூடப் போவது, வாடகை யார் வசூலிப்பது என்று மூன்று மாதத்துக்கு முறை எழுதுங்கள். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டுத்தான் நான் அடுத்தவரிடம் நீட்டுவேன். காலி நோட்டாகக் கொடுத்தால் ஊரெல்லாம் சுற்றிவிட்டு மாஸ்டர் கைக்கே போய்ச் சேரும்.