பழைய கார் வாங்கும் முன் ஒரு கணக்கு



போன மாதம் குருபரப்பள்ளியில் நடந்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் பேசி முடித்து டீ வந்த நேரம். ஒரு உறுப்பினர் மெதுவாக ஆரம்பித்தார். "மேடம், மூணு குழு சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கலாம்னு இருக்கோம். எந்தக் காரு நல்லா மைலேஜ் தரும்?"

இவர்கள் வாரம் இரண்டு தடவை ராகி மாவு, ஊறுகாய், புளி எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போகிறவர்கள். மூட்டையோடு பஸ் ஏறினால் கண்டக்டரிடம் பேச்சு வாங்கணும். வாடகை வண்டி எடுத்தால் லாபம் முழுக்க வாடகைக்கே போய்விடுகிறது. ஆக, ஆசை நியாயமானதுதான். அன்றைக்கே நோட்டை எடுத்து எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மற்ற ஊர்க் குழுக்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

குருபரப்பள்ளியிலிருந்து பெங்களூர் போய்வர சுமார் 160 கிலோமீட்டர். வாரம் இரண்டு தடவை என்றால் 320. வருஷத்துக்கு 50 வாரம் என்று வைத்தால் 16,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு வருஷம் 1,333 லிட்டர், அதாவது 1,33,300 ரூபாய். 20 ஓடும் வண்டிக்கு 800 லிட்டர், 80,000 ரூபாய். வித்தியாசம் 53,000-க்கு மேல்! விலையில் 30,000 குறைகிறது என்று பெட்ரோல் குடிக்கிற வண்டியை வாங்கினால் முதல் வருஷமே அந்த லாபம் காணாமல் போய்விடும்.

இதிலே இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. 12 ஓடும் வண்டிக்குப் பதில் 15 ஓடும் வண்டி எடுத்தால் வருஷம் 266 லிட்டர் மிச்சம். 20 ஓடுவதற்குப் பதில் 23 ஓடுவதை எடுத்தால் மிச்சம் 104 லிட்டர்தான். இரண்டிலும் கூடுதல் 3 கிலோமீட்டர்தானே என்று தோன்றும், பலன் பாதிகூட இல்லை. அதனால் 20-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அதற்கு மேல் மைலேஜைத் துரத்த வேண்டாம். வண்டியின் நிலைமையைப் பாருங்கள்.

விற்பவர் சொல்கிற மைலேஜை அப்படியே நம்பவும் வேண்டாம். நம்ம பாதை மேடு. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், ஓசூர் 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது. சரக்கோடு மேலுமலை ஏறும்போது ஒரு கணக்கு, காலி வண்டியாக இறங்கும்போது வேறு கணக்கு. டேங்கை முழுக்க நிரப்பி, போய்வந்து, மறுபடி முழுக்க நிரப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இன்னொன்று, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் இதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். எரிபொருள் ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

"டீசல் சிக்கனம் இல்லையா மேடம்?" என்று கேட்டார்கள். தினமும் ஓடும் வண்டிக்குச் சிக்கனம்தான். ஆனால் பழைய டீசல் வண்டியில் இன்ஜெக்டரோ டர்போவோ போனால் ஒரே செலவில் குழுச் சேமிப்பு கரைந்துவிடும். டாடா இண்டிகா சல்லிசாகக் கிடைக்கிறது. அதன் உற்பத்தி 2018-லேயே நின்றுவிட்டது. மாருதியும் 2020 ஏப்ரலோடு டீசல் காரை நிறுத்திவிட்டது. வருஷம் 16,000 கிலோமீட்டருக்கு நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் ஆல்டோவோ வேகன்ஆரோ போதும் என்பது எங்கள் கருத்து. சரக்கு அதிகம் என்றால் ஈகோ, மைலேஜ் குறையும் என்று தெரிந்தே வாங்கணும். சி.என்.ஜி. வண்டி என்றால் ஆர்.சி. புத்தகத்தில் அது பதிவாகியிருக்கணும், சிலிண்டருக்கு 3 வருஷத்துக்கு ஒருமுறை சோதனை செய்திருக்கணும். டிக்கியில் பாதி இடத்தைச் சிலிண்டரே எடுத்துக்கொள்ளும், மூட்டையை எங்கே வைப்பது என்று பாருங்கள். சமையல் கேஸ் சிலிண்டரை மாட்டி ஓட்டிய பழைய ஆம்னி வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம், அது வெடிகுண்டு.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் இருக்கின்றனவே, அவை பெரிய தலைவலி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில், 2022 செப்டம்பரில் பெங்களூரில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. கழுவி, பாலிஷ் போட்டு விற்றால் நமக்குத் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மண் கறை இருக்கும். ஸ்டெப்னி டயரைத் தூக்கி அதன் அடியில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். சீட்டுக்குக் கீழே இரும்பில் துரு, உள்ளே மக்கிய வாடை. இதற்கெல்லாம் மெக்கானிக் வேண்டாம், நம்ம மூக்கும் கண்ணும் போதும். சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்!

மீட்டரைத் திருப்பி வைப்பதும் உண்டு. 40,000-தான் ஓடியது என்பார்கள், கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழ என்றிருக்கும். டயரில் நான்கு எண் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம்.

இனி காகித விஷயம். இதில் நாங்களே ஒருமுறை பட்டிருக்கிறோம். அலுவலக வேலைக்கு ஒரு பழைய கார் வாங்கினோம். பணம் கொடுத்து ஐந்து மாதம் ஆகியும் பெயர் மாற்ற முடியவில்லை. முன் உரிமையாளர் வாங்கிய கடனே முடியாமல் இருந்தது ஆர்.சி.யில் தெளிவாக இருந்திருக்கிறது. நாங்கள்தான் வண்டியின் நிறத்தைப் பார்த்தோம், அதைப் பார்க்கவில்லை. அதனால் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு கடன், இன்சூரன்ஸ், நிலுவை அபராதம் மூன்றையும் முதலில் பாருங்கள். கடன் முடிந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கணும். வண்டியை விற்கும் உறுப்பினர்களும் கவனியுங்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஓசூர்ப் பக்கம் கே.ஏ. போர்டு கார் விலை குறைவாகச் சொல்வார்கள். அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, ஆயுள் வரியும் கட்டணும். அதையும் கூட்டினால் விலை குறைவா என்று பாருங்கள். 15 வயது தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனதையும் மறக்க வேண்டாம்.

"மீதி நாள்ல வாடகைக்கு விட்டுக்கலாம்" என்று ஒரு அக்கா யோசனை சொன்னார். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடக் கூடாது. விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்.

யார் பெயரில் வாங்குவது என்பதில்தான் அன்று சத்தம் அதிகமாகிவிட்டது. ஒரு உறுப்பினரின் வீட்டுக்காரர் பெயரில் வாங்கலாம் என்றார்கள். ஓட்டப்போவதும் அவர்தானாம். மூன்று குழுப் பணம், ஒரு வீட்டு வாசலில் நிற்கும் கார். நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் யார் கேட்பது? சங்கமாகப் பதிவு செய்த கூட்டமைப்பின் பெயரில் வாங்கலாம். அது முடியாவிட்டால் ஒரு உறுப்பினர் பெயரில் வாங்கி, யார் எவ்வளவு போட்டார்கள், டீசலோ பெட்ரோலோ யார் போடுவது, ரிப்பேர் யார் செலவு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி மூன்று குழுவும் கையெழுத்துப் போடணும்.

இதுவரை மூன்று கார் பார்த்திருக்கிறார்கள். முதல் காரின் சீட் பெல்ட்டை இழுத்தபோது பாதிக்கு மேல் செம்மண் நிறம், எழுந்து வந்துவிட்டார்கள். இரண்டாவதில் கடன் பாக்கி. மூன்றாவது ஒரு வேகன்ஆர், டி.என். 24 போர்டு. மெக்கானிக் சரி சொல்லிவிட்டார், வங்கிச் சான்று வந்தால்தான் முன்பணம் என்று சொல்லிக் காத்திருக்கிறார்கள். இதற்கிடையில் இரண்டு உறுப்பினர்கள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார்கள்.